சிங்கி எங்கே போனாள்?

ஒரு பெண்ணைக் காணவில்லை. எங்கே போகிறேன் என்று சொல்லாமலே போய்விட்டாள். அவளைத் தேடி ஒருவன் ஊர் ஊராக அலைகிறான். கண்ணி வைத்துக் காத்திருந்தவன்; கண்ணியருகே வந்த பறவைகள் பறந்து போகின்றன, அவன் கருத்து பறவையில் இல்லை. காண்போரிடமெல்லாம் அடையாளம் சொல்லிக் கேட்கிறான்: கண்டீர்களா அவளை?

எந்தத் துப்பறியும் நாவலின் முதல் அத்தியாயம் இது என்று கேட்பீர்கள். நாவல் அன்று, தோழர்களே! தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி. தேடுகிறவன் சிங்கன், காணாமற் போனவள் சிங்கி.

துப்பறியும் கதை என்றாலே புலவர் பெருமக்கள் முகம் சுளிப்பர். இரயிலிலே படித்து, இறங்கும்போது இருக்கையிலே விட்டுச் செல்லும் ஏடு என்பர். நாம் அப்படி ஒதுக்கிவிடுவதற்கில்லை. 1894இல் நடேச சாஸ்திரியின் தானவன் துப்புத் துலக்கப் புறப்பட்ட நாள் தொட்டு, ரங்கராஜுவின் கோவிந்தன், தமிழ்வாணனின் சங்கர்லால் எனப் பலர் தமிழ் வாசகனுக்கு ஒரு பழக்கத்தை ஊட்டியிருக்கின்றனர். ஒருவன் செத்துக் கிடந்தால், "விதி முடிந்தது" என்று விபூதி பூசிவிட்டுப் போகாதே. கதவு எப்படித் திறந்தது, கத்தி யார் கையில் இருந்தது என்று கேள்! வினை விளைந்தது என்றால் வினை செய்தவன் ஒருவன் உண்டு. அந்த அளவிலே அது நமக்கு உறவுடைய இலக்கியம்.

ஆனால் காணாமற் போனவள் பெண்ணாக இருந்துவிட்டால், இந்தக் கதைகள் பலவற்றுக்கும் ஒரு நோய் வந்துவிடுகிறது. "யார் கொண்டுபோனார்?" என்று கேட்பார்கள், "எங்கே வைத்திருக்கிறான்?" என்று கேட்பார்கள். பெட்டி களவு போனாலும் இந்த இரண்டு கேள்விகள்தாமே! பெண்ணும் பெட்டியும் ஒன்றா? பெட்டி தானாக நடக்காது, பெண் நடப்பாள். பெட்டி பேசாது, பெண் பேசுவாள். கடைசி அத்தியாயத்திலே அவளைக் கண்டுபிடித்துத் தகப்பனிடமோ கணவனிடமோ ஒப்படைத்து முற்றும் போடுகிற கதையில், அவள் வாய் திறந்தாளா என்று தேடிப் பாருங்கள்.

இந்த உரைகல்லிலே குறவஞ்சியை உரசுவோம். சிங்கன் சிங்கியைக் குற்றாலத்துத் தெருவிலே கண்டுவிடுகிறான். இத்தனை நாளாக எங்கே போனாய் என்கிறான். அவள் மறைக்கவில்லை, மங்கையர்க்குக் குறி சொல்லப் போனேன் என்கிறாள். அவன் பார்வை அவள் காலிலே விழுகிறது. அங்கே புதிது புதிதாக என்னென்னவோ மின்னுகின்றன. சொல்ல அச்சமாக இருக்கிறது என்கிறான். அஞ்சாமல் கேள் என்று அவளே துணிவூட்டுகிறாள்! காலிலே விரியன் கடித்துக் கிடக்கிறதோ என்கிறான். சேலத்து நாட்டிலே பெற்ற சிலம்பு என்கிறாள். நாங்கூழ்ப் புழுபோல நெளிகிறதே என்கிறான். பாண்டியன் மகள் தந்த பாடகம் என்கிறாள். வினா ஒவ்வொன்றுக்கும் விடை. விடை ஒவ்வொன்றிலும் ஓர் ஊர். ஊர் ஒவ்வொன்றிலும் அவள் உழைப்பு.

நகைச்சுவை என்று சிரித்துவிட்டுப் போகலாம். நின்று பார்த்தால் நேர்த்தி தெரியும். காணாமற் போனவளின் வழித்தடம் முழுவதும் அவள் வாயாலேயே வெளிவருகிறது. துப்பறிவாளன் வேண்டியதில்லை, பஞ்சாயத்து வேண்டியதில்லை. கணவன் கேட்கிறான், மனைவி சொல்கிறாள். வேலைக்குப் போனேன், கூலி பெற்றேன், இதோ என் காலிலே கிடக்கிறது! வீட்டைவிட்டுப் புறப்பட்ட பெண்ணுக்குச் சிதையும் சிறையும் வைத்திருக்கிற புராணங்களின் நாட்டிலே, தான் போன ஊர்களின் பெயரைப் பெருமையோடு அடுக்குகிற ஒருத்தியைக் கவிராயர் படைத்துவிட்டார். அருவியையும் குரங்கையும் பாடிய அழகுக்காக இந்நூலைப் போற்றிய இரசிகர் பலர். இந்த இடத்துக்காகவும் போற்றலாம்.

போற்றுவதை எல்லாம் போற்றுவோம், கேட்பதையும் கேட்போம். அவள் செய்த தொழில் என்ன? குறி சொல்லல். வசந்தவல்லி என்னும் இளநங்கை, வீதி உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு காதல் கொண்டு உருகிக் கிடக்கிறாள். குறத்தி வருகிறாள், மலைவளம் பாடுகிறாள், கை பார்க்கிறாள், உன் மனங்கவர்ந்தவர் இன்னார் என்கிறாள். உருகிக் கிடக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே பாதி விளங்கும். ஊரார் பேச்சைக் கேட்டாலே மீதி விளங்கும். தெய்வம் ஏறியது என்று சொன்னால்தான் சிலம்பு கிடைக்கும்!

இன்னொன்று. அவள் காலிலே கெச்சமும் கிடக்கிறது. செத்த தவளையைக் கட்டினாயோ என்கிறான் சிங்கன். குற்றாலர் சந்நிதிப் பெண்கள் தந்த கெச்சமடா என்கிறாள். யார் அந்தச் சந்நிதிப் பெண்கள்? கோயிலுக்கென்றே விடப்பட்ட பெண்டிர். அவர்கள் பெயர் இல்லை, பிறந்த வீடு இல்லை, பேச்சும் இல்லை. ஒரு வரியிலே வந்து, கெச்சம் தந்து, மறைந்து போகிறார்கள். சிங்கியைத் தேட ஒரு சிங்கன் இருந்தான். இந்தப் பெண்களைத் தேட எவன் இருந்தான்? குறவஞ்சியிலே உண்மையில் காணாமற் போனவர்கள் இவர்களே அல்லவா?

இந்தக் கேள்வியைத் துப்பறியும் கதையாகவே எழுதிக் காட்டிய ஓர் எழுத்தாளரை, குற்றாலத்தை விட்டுக் கடல் கடந்து போனால் மேற்கு ஆப்பிரிக்காவிலே காணலாம். கானா நாட்டில் பிறந்து அமெரிக்காவில் மருத்துவத் தொழில் செய்தவர், குவே குவார்ட்டே. 2009இல் வெளிவந்தது அவருடைய முதல் நாவல், "வைஃப் ஆஃப் த காட்ஸ்". "கடவுளரின் மனைவி" என்று தமிழில் சொல்லலாம்.

கதை இது: கெட்டானு என்னும் சிற்றூரின் காட்டோரத்தில் கிளாடிஸ் என்னும் இளம்பெண் பிணமாகக் கிடக்கிறாள். மருத்துவம் பயின்றவள், எய்ட்ஸ் நோய் பற்றி ஊராருக்கு எடுத்துச் சொன்னவள். அதோடு நின்றாளா? அவ்வூர்ப் பூசாரியின் வீட்டிலே கடவுளுக்கு மனைவியர் என்ற பெயரில் அடைந்து கிடந்த பெண்களை விடுவிக்கவும் வாதாடினாள். தலைநகர் அக்ராவிலிருந்து டார்க்கோ டாசன் என்னும் துப்பறிவாளர் வருகிறார். அவருக்கும் அவ்வூருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அவர் சிறுவனாக இருந்தபோது, அவ்வூருக்குப் போய்வந்த அவர் தாய் காணாமற் போனாள். பின்னர் யாரும் அவளைக் காணவில்லை. கொலைக்குக் காரணம் சூனியம் என்று ஊர் முணுமுணுக்கிறது. படித்துத் தன் காலில் நிற்கும் ஒரு பெண்மணியைச் சூனியக்காரி என்கிறது. டாசன் கேட்பதோ கையும் களமும் காலமும்! கொலையாளி யார் என்று இங்கே சொல்லிவிட்டால் படிக்கப் போகிறவரின் இன்பத்தைப் பறித்தவனாவேன்.

கடவுளரின் மனைவி என்பது கற்பனையன்று. ட்ரோக்கோசி என்பது அதன் பெயர். குடும்பத்திலே ஒருவன் செய்த குற்றத்துக்குக் கழுவாயாக, குற்றமே அறியாத சிறுமியைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவது. மாமன் திருடுவான், மருமகள் அடிமையாவாள். இதுதான் தெய்வ நீதி! கானா அரசு 1998இல் சட்டம் இயற்றி இதைத் தடுத்தது. நாம் ஏளனம் செய்ய உரிமை உடையவர்கள் அல்லோம். சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டப்படி ஒழிந்தது 1947இல்தான். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே போராடினார். அந்தக் குலத்தின் கொடுமையைத் தாமே கண்டறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடையிலே போராடினார், 1936இல் நாவலாகவும் எழுதினார். அக்ராவுக்கும் அருவிக்கரைக்கும் இடையே ஆயிரம் காதம். ஆண்டவன் பெயரால் பெண்ணை ஒளித்து வைக்கும் தந்திரம் ஒன்றே.

நாவலிலே குறை இல்லையா? உண்டு. டாசனுக்குக் குரலைத் தொட்டுணரும் ஆற்றல் இருக்கிறதாம். ஒலி கேட்டால் கையிலே ஒரு தொடுவுணர்ச்சி. பொய் சொல்லும் குரல் அவர் கையிலே வேறாக உறுத்துமாம். ஒரு புலன் இன்னொரு புலனைக் கிளறும் நிலை மருத்துவர் அறிந்த உண்மையே. ஆனால் அதைக்கொண்டு பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்பது குறத்தியின் குறிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிய வேலை! என் கைக்குத் தோன்றியது என்று ஒருவன் சொன்னால், உன் கைக்கும் என் கைக்கும் எப்படித் தெரியும்? துப்பு என்பது இன்னொருவனும் எடுத்துப் பார்த்துச் சோதிக்கக் கூடியது. குறி என்பது சொன்னவனை நம்பினால்தான் உண்டு. சூனியத்தை விரட்ட வந்த நாவல், துப்பறிவாளனின் உள்ளங்கையிலே ஒரு சிறு மந்திரத்தை மிச்சம் வைத்துவிட்டது. போதாக்குறைக்கு, ஆத்திரம் வந்தால் அடித்துக் கேட்கிறவர் அவர். நாயகன் அடித்தால் நியாயமாகிவிடுமா? அடிக்குப் பயந்து சொன்ன சொல்லும் துப்பாகாது.

அடித்துக் கேட்பது கதையிலே பொழுதுபோக்கு. சிங்கியின் குலத்தாருக்கு அது வரலாறு. அவள் காலிலே கிடந்த நகைகளுக்குத் திரும்புவோம். "இது ஏது?" என்று சிங்கன் வியந்து கேட்டான். பின்னொரு காலம் வந்தது. அதே கேள்வியைக் காவலர் கேட்டனர். 1871இல் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல குலத்தார் பிறந்ததே குற்றம் என்று பதிவேட்டிலே ஏறினர். கைரேகை வை, ஊரைவிட்டுப் போகுமுன் அனுமதி பெறு! இந்தச் சட்டத்தின் கீழ்ச் சேலத்துக்கும் பாண்டி நாட்டுக்கும் நடந்து சிலம்போடு திரும்பியிருந்தால் சிங்கியின் கதி என்ன? அவள் சொன்ன ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு களவு வழக்காகியிருக்கும். சென்னையில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. ஐயம் நீங்கிற்றா? 1993இல், இன்றைய கடலூர் மாவட்டப் பகுதியில், குறவர் குலத் தொழிலாளி ஒருவர் நகைத் திருட்டு என்று காவலர் கையிலே சிக்கி உயிரிழந்தார். கணவனைக் காணோம் என்று மனைவி உயர்நீதிமன்றத்திலே ஆட்கொணர்வு மனுப் போட்டாள். 2021இல் வந்த "ஜெய் பீம்" படத்துக்கு அடிப்படை அந்த வழக்கு. குறவஞ்சியிலே சிங்கன் சிங்கியைத் தேடினான். இங்கே சிங்கி சிங்கனைத் தேடினாள். அங்கே விடை சொல்ல ஆள் இருந்தது. இங்கே ஆளே இல்லை.

ஆட்கொணர்வு மனு, காணாமற் போனவர் கதைகளுக்கெல்லாம் மேலான கதை. இன்றும் நம் காவல் நிலையங்களிலே "பெண் காணவில்லை" என்று வழக்குப் பதிவாகிறது. அந்தச் சொற்களுக்குள்ளே இருவேறு உண்மைகள் ஒளிந்திருக்கக் கூடும். ஒன்று, அவளை யாரோ கடத்தியிருக்கலாம். அப்போது ஒவ்வொரு மணியும் உயிர். தேடாத காவலன் குற்றவாளி. மற்றொன்று, தான் விரும்பியவனோடு சாதி கடந்து அவள் நடந்திருக்கலாம். அப்போது காணவில்லை என்று அழுகிற வீடே அவளைக் காணாமற் செய்யக் காத்திருக்கும் வீடாகவும் இருக்கக் கூடும். இரண்டையும் பிரித்தறிவது எப்படி? குறி கேட்டா? சாதி கேட்டா? அவளைக் கேட்டு!

2019இல் தனி மாவட்டமான தென்காசியிலிருந்து இத்தகைய மனு மதுரைக் கிளைக்குப் போகிறது. அங்கே வயது வந்த பெண்ணை முன்னே நிறுத்தினால், நீதிபதி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உன் விருப்பம் என்ன? சுயமரியாதைத் திருமணத்தை அண்ணா ஆட்சி 1967இல் சட்டமாக்கிற்று. அம்முறையில் மணந்த மனைவியைப் பெற்றோர் அடைத்து வைத்திருக்கின்றனர் என்று ஒருவர் தொடுத்த வழக்கிலே, ஊரறிய அறிவிக்காத காரணத்தால் அம்மணம் செல்லாமற் போகாது என்று 2023இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சத்திலே வாழ்கிறவர்களை ஊரைக் கூட்டி மணம் செய் என்று சொல்வது, வேட்டைக்காரனுக்குத் தடம் காட்டுவதாகும்.

எழுத முனையும் இளைஞர்களே! காணாமற் போன பெண்ணைப் பற்றி எழுதுங்கள். சாரல் விழும் குற்றாலத்தைக் களமாக வையுங்கள். தென்காசிச் சந்தையையும் இரயிலடியையும் வையுங்கள். திருப்பமும் திகிலும் இருக்கட்டும். குறி மட்டும் வேண்டாம். அடித்துப் பெற்ற வாக்குமூலம் வேண்டாம். கடைசி அத்தியாயத்திலே, துப்பறிவாளன் நெஞ்சு நிமிர்த்தி விளக்கவுரை ஆற்றத் தொடங்கும்போது அவனைச் சற்றே உட்காரச் சொல்லுங்கள். அவள் உயிரோடு இருந்தால் அவள் பேசட்டும். இறந்துவிட்டாள் என்றால், அவள் எதற்காக வாழ்ந்தாள் என்பது வெளிவரட்டும்.

சந்நிதிப் பெண்கள் இன்னும் பேசவில்லை. அவர்கள் கதையையும் யாராவது தேடிப் புறப்பட வேண்டும்.