பட்டியல் யார் கையில்?

இணையம் அரசியலை ஜனநாயகப்படுத்திவிட்டது என்றொரு கதையாடல் உண்டு. அதைச் சொல்பவர்கள் முதலில் காட்டும் உதாரணம் ஹோவர்ட் டீன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில முன்னாள் ஆளுநர். ஈராக் போரை எதிர்த்து, ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராவதற்காக 2003-இல் களமிறங்கியவர்.

அவருடைய பிரச்சார மேலாளர் ஜோ டிரிப்பி வலைப்பதிவைத் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம். ‘மீட்டப்’ தளத்தின் வழியாக, முன்பின் தெரியாதவர்கள் ஊர் ஊராகக் கூடினார்கள். சில்லறைக் காசாகவே கோடிக்கணக்கில் டாலர் சேர்ந்தது. தொலைக்காட்சி முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்த வாக்காளர் பேச ஆரம்பித்தார். இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது.

2003 நவம்பரில் ஆதரவாளர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். அரசு தரும் தேர்தல் நிதியையும் அதோடு வரும் செலவு வரம்பையும் ஏற்பதா, வேண்டாமா? வேண்டாம் என்றது பெரும்பான்மை. டீனும் அப்படியே செய்தார். நல்லதுதான். ஆனா எதைப் பத்திக் கேட்டாங்க? பணத்தைப் பத்தி.

2004 ஜனவரி 19, அயோவா. ஆரஞ்சு நிறத் தொப்பி போட்ட சுமார் 3,500 தொண்டர்கள் வெளியூர்களிலிருந்து வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். டீனுக்குக் கிடைத்தது மூன்றாமிடம், 18 சதவீதம். அன்றிரவு மேடையில் அவர் போட்ட கத்தலைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அந்தக் கத்தல்தான் அவரைக் கவிழ்த்தது என்று இன்றும் சொல்கிறார்கள். கத்தினதே தோத்ததுக்கு அப்புறம்தானே! ஒத்த கருத்துள்ளவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசிச் சேர்த்த உற்சாகம் அயோவாவின் வாக்காளரைத் தொடவில்லை என்பதை அந்தக் கத்தல் மறைத்துவிட்டது.

2008-இல் ஒபாமா இதையெல்லாம் ஒழுங்குபடுத்தினார். தன் பிரச்சாரத் தளத்திலேயே ஆதரவாளர்கள் குழு அமைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். அந்த ஆண்டு ஒட்டுக்கேட்பு மசோதா ஒன்று வந்தது. புஷ் அரசுக்காக நீதிமன்ற ஆணையில்லாமல் ஒட்டுக்கேட்க உதவிய தொலைபேசிக் கம்பெனிகள்மேல் வழக்குப் போட முடியாதபடி அது பாதுகாப்புத் தந்தது. எதிர்ப்பேன் என்று முன்பு சொன்ன ஒபாமா, ஜூனில் நிலை மாறினார். உடனே அவருடைய தளத்துக்குள்ளேயே எதிர்ப்புக் குழு முளைத்தது. சில நாட்களில் 20,000 பேரைத் தாண்டி, அங்கிருந்த குழுக்களிலேயே பெரியதானது. ஒபாமா அவர்களுக்குப் பதில் எழுதினார், மரியாதையாக. ஜூலை 9 அன்று இறுதி மசோதாவை ஆதரித்து வாக்களித்தார்.

பேச விட்டாங்களே, பதிலும் சொன்னாங்களே, வேற என்ன வேணும் என்று கேட்கலாம். இங்கேதான் அதிகாரத்தின் இருப்பிடத்தைப் பார்க்க வேண்டும். அந்த 20,000 பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடிந்தது. பிரச்சாரம் திரட்டி வைத்திருந்த சுமார் 1.3 கோடி மின்னஞ்சல் முகவரிகளுக்கும் ஒரே நேரத்தில் கடிதம் போடத் தலைமையால் மட்டுமே முடிந்தது. விளிம்பில் பேச்சு, மையத்தில் பட்டியல். தேர்தலில் வென்ற பிறகு, 2009-இல், அந்த அமைப்பு கட்சியின் தேசியக் குழுவுக்குள் கொண்டுபோய் வைக்கப்பட்டது. அதைக் கட்டி எழுப்பியவர்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை.

இணையமே வேண்டாம் என்பதல்ல வாதம். அது இல்லாமல் அந்த 20,000 பேர் ஒருவரையொருவர் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் பேசுகிறவராக உள்ளே வந்தவர், தலைமையின் கணக்கில் ஒரு பெயராக, ஒரு முகவரியாக மிஞ்சுகிறார். இயக்கத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு புதிய தளத்துக்குள் கால் வைக்கும்போது, இங்கே பேச விடுவார்களா என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நாளைக்குத் தலைமையோடு முரண்பட்டு வெளியே வரணும்னா, நம்ம தோழர்களோட முகவரி நம்ம கையில இருக்குமா? அதையும் இன்றே கேட்டாக வேண்டும்.