எல்லைச் சாமியும் நிலப்பட்டாவும்

தோட்டத்து மக்களுக்குச் சக்தி என்பது ஓர் இடத்தில் குடியிருப்பது. லயத்தின் கடைசி வீட்டைத் தாண்டி ரப்பர் நிரை தொடங்குமிடத்தில் ஒரு மரம், அதன் கீழ் மஞ்சள் பூசிய கல், ஒரு சூலம். காவல் தெய்வமான முனியாண்டி அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். மலேசியாவின் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் வட்டாரத்தில் ரப்பர் போய்த் தொழிற்பேட்டையும் தாமான்களும் வந்தபிறகும் இந்த நம்பிக்கை போகவில்லை.

இவ்வழிபாட்டின் பெருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். விடியுமுன் இருட்டில் பால்வெட்டப் போனவருக்குப் பாம்பு, காய்ச்சல், கங்காணி என எல்லாமே பயம். அந்தப் பயத்தை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. இடையில் ஐயர் தேவைப்படவில்லை. பூசாரியும் கூடவே மரம் வெட்டியவர்தான். அவர் குடித்த சுருட்டும் சாராயமும் சாமிக்கும் படையலாயின. துரைக்குச் சொந்தமான மண்ணில், ஒரு துண்டை மட்டுமாவது 'எங்கள் எல்லை' என்று சொல்ல வைத்தது அந்தக் கல். சீனர்கள் டத்தோ கோங்குக்கு மாடம் வைத்து அந்த மண்ணின் காவலரை வணங்குவதிலும் இதே உணர்வுதான். இரண்டு இடத்திலும் ஊதுபத்தி ஏற்றுகிறவர்கள் இங்கே உண்டு.

ஆனால் அந்தத் துண்டு நிலத்துக்குக் காகிதம் இல்லை. கோயிலுக்கு இடம் கொடுத்த நிர்வாகங்கள் பலவும் வாய்மொழியாகவே கொடுத்தன. கோயில் இருந்தால் ஆள் நிலைத்திருக்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் மேம்பாட்டு நிறுவனங்களிடம் கைமாறியபோதும், சாமி அடுத்தவர் நிலத்தில் நின்றார். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில், எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அனுபவத்தால் மட்டும் உரிமை வராது. நூறாண்டுக் கோயில் என்ற நம் வாதம் நில அலுவலகத்தில் எடுபடாமல் போவது அதனால்தான். 2007இல் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் கோயில் இடிக்கப்பட்டது. 2018இல் சீபீல்டு மாரியம்மன் கோயிலின் இடமாற்றத் தகராறில் மூண்ட கலவரத்தில் காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் பின்னர் இறந்தார். 2025இல் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியின் பத்ரகாளியம்மன் கோயில் பெரும் கொந்தளிப்புக்குப் பின் சற்றுத் தள்ளி இடம்பெயர ஒப்புக்கொண்டது.

சாமி அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இந்தத் தெய்வங்களே கடல் தாண்டி வந்தவை. ஊர்க்கோயிலில் பிடிமண் எடுத்துப் புது இடத்தில் நிலைநிறுத்துவது நம் வழக்கத்திலேயே உள்ளது. முறைப்படி இடம் மாற்றுவது தெய்வக் குற்றம் ஆகாது. நகர மறுப்பது பல நேரங்களில் நம்முடைய பயம். ஏற்கெனவே எல்லாம் பறிபோனவர்களின் நியாயமான பயம்.

சக்தி உள்ள இடம் ஆபத்தில்லாத இடம் என்று எண்ணுவதும் தவறு. தைப்பூசத்தில் புந்தோங்கிலிருந்து காவடிகள் வந்து சேரும் கல்லுமலைக் கோயில் இருக்கும் குனோங் செரோவில்தான், 1973 அக்டோபரில் பாறை சரிந்து, அடிவாரத்தில் குடியிருந்த சுமார் 40 பேர் மாண்டார்கள். நெடுஞ்சாலையில் இருந்த ஜெலாப்பாங் டோல் சாவடியையே பாருங்கள். மலை இறக்கத்தில் நின்ற அதன்மீது பிரேக் பிடிக்காத லாரிகள் மோதின. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படும் ஓட்டுநரின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அபாயத்துக்குத் தீர்வு 2008இல் சாவடியை அங்கிருந்து அகற்றியதுதான்.

இப்போது காசு சேர்ந்தால் முதலில் கோபுரம் எழுப்புகிறோம். சுருட்டும் சேவலும் மறைந்து, முனியாண்டி முனீஸ்வரராகிச் சிவனின் சாயலில் அமர்கிறார். தொழிலாளியின் கையிலிருந்த பூசை போனதே எனக்கு இழப்பாகப் படுகிறது. கோபுரத்துக்குப் போன பணத்தில் நிலத்தை அளந்து, சங்கப் பதிவை முடித்து, பட்டாவுக்கு மனுப் போட்டிருக்கலாம். தோட்டம் விலைபோகும் செய்தி வந்ததுமே நிர்வாகக் குழு முதலாளியிடம் பேசத் தொடங்க வேண்டும். மண்வாரி இயந்திரம் வாசலுக்கு வந்தபின் பேசினால் கிடைப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பேச்சில் கோயில் நிலத்தோடு லயத்து மக்களின் வீட்டு நிலமும் ஒரே மனுவில் இடம்பெற வேண்டும்.