தைல மரத்தில் ஒரு நாற்காலி

பங்குனித் திருவிழா சமயத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். பந்தல்காரர் வண்டியிலிருந்து அடுக்கடுக்காக இறங்குவதெல்லாம் ஒற்றை வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். பாலிபுரொப்பிலினை உருக்கி அச்சுக்குள் அழுத்தினால், கிட்டத்தட்ட ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று கிலோ எடையில் ஒரு நாற்காலி வெளியே வந்துவிடும். 1972இல் பிரான்ஸின் ஆன்ரி மசோனே செய்த ‘ஃபோத்தாய் 300’ இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. வடிவமைப்புக் கல்லூரியில் நாற்காலி செய்யும் எந்த மாணவருக்கும் உண்மையான போட்டியாளர் இதுதான். விலையில் இதை ஜெயிக்க முடியாது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் வசதியிலும் முடியாது.

ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இருக்கையோ முதுகோ விரிசல் விட்டால் ஆசாரியிடம் கொண்டுபோக முடியாது. அதனால் வீடுகளில் வேறு வேலை நடக்கிறது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, விரிசலின் இருபுறமும் வரிசையாகத் துளை போட்டு, மெல்லிய இரும்புக் கம்பியால் தைத்துவிடுகிறார்கள். தைத்த நாற்காலி இன்னும் சில வருடம் ஓடும். வடிவமைப்புப் போட்டிக்கு வரும் மாணவர் படைப்புகளை மதிப்பிடுகிறவர்கள் இந்தத் தையலை ஒருமுறை பார்க்க வேண்டும். பழுது பார்க்க முடிகிற பொருளைத்தான் வாங்குகிறவர் விரும்புகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வடிவமைப்பு மாணவர்களிடம் ஏன் எப்போதும் நாற்காலியையே பயிற்சியாகக் கொடுக்கிறார்கள்? மேசை தப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், நாற்காலி பொறுக்காது. உட்கார்ந்தவர் பின்னால் சாய்ந்து முன்கால்களைத் தூக்கும்போது, பின்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் இடத்தில்தான் பாரம் முழுதும் விழுகிறது. அங்கே துளைக்குள் இறங்கும் கழுந்து, சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருப்பது பழைய வழக்கம். மரம் சரியாகக் காயாமல் இருந்தால் புதுக்கோட்டை வெயிலில் கழுந்து சுருங்கி, ஆறே மாதத்தில் நாற்காலி ஆடத் தொடங்கும். ஆசாரி ஓர் ஆப்பை இறக்கிச் சரிசெய்வார். கணினித் திரையில் வரைந்த பல நாற்காலிகளில் ஆப்பு இறக்க இடமே இருப்பதில்லை.

இந்தியாவில் இந்தப் பயிற்சி முறையாக வேரூன்றியது அகமதாபாத்தில். சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அரசுக்குக் கொடுத்த ‘இந்தியா ரிப்போர்ட்’டைத் தொடர்ந்து 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. அதற்கும் முன்பே நம் பக்கத்தில் ஒரு பெரிய காரியம் நடந்திருக்கிறது. 1937இல் புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே கட்டடப் பணிக்கு வந்த இளம் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் நாகஷிமா, அங்கே தங்குவோருக்குத் தேக்கில் அறைகலன்கள் வடிவமைத்தார். பிற்பாடு அமெரிக்காவில் மரவேலைக்கே ஆயுளைக் கொடுத்தவரின் ஆரம்ப வேலைகளில் இவை அடங்கும். அதே நாகஷிமா 1964இல் அகமதாபாத்துக்கும் வந்து நாற்காலிகள் வடித்தார்.

சென்னையில் பிறந்த எம்.பி. ரஞ்சன் 1969இல் அகமதாபாத் நிறுவனத்தில் அறைகலன் வடிவமைப்பு படிக்கச் சேர்ந்து, பிறகு அங்கேயே ஆசிரியரானார். அவர் பெயர் நிலைத்தது நாற்காலியால் அல்ல, மூங்கிலால். வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில், பிரம்புத் தொழில்களைப் பற்றி நீலம் ஐயர், கன்ஷியாம் பாண்டியா ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1986இல் வந்தது. முதலில் எந்தத் தாவரம், எந்த ஊர், எந்தக் கை என்று கேட்டுவிட்டுப் பிறகு பொருளுக்கு வருகிற வழி அது. அங்கே படித்த சந்தீப் சங்கருவின் ‘ட்ரஸ் மீ’ வரிசை அந்த வழியில் வந்ததாகவே எனக்குப் படுகிறது. மூங்கிலை முக்கோணச் சட்டங்களாகக் கோத்து, கனம் கூட்டாமல் வலு கூட்டியிருக்கிறார். குஞ்சன் குப்தாவின் ‘போரி சைக்கிள் த்ரோன்’ வேறு ரகம். சைக்கிள் இருக்கையையும் சாக்கு மூட்டையையும் சிம்மாசனமாக்கிய குறும்பு அது. ரசிக்கலாம், வீட்டில் உட்காரத்தான் யோசிக்க வேண்டும்.

மிலான் அறைகலன் கண்காட்சியில் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று 1998 முதல் ‘சலோனே சேட்டலைட்’ நடக்கிறது. அங்கே இடம் கிடைப்பது பெரிய வாசல். ஆனால் அந்த வாசலுக்காகவே உருவாகும் நாற்காலிகள் படத்தில் உட்கார்ந்துவிடுகின்றன, ஆட்கள் உட்காருவதில்லை. சண்டிகரின் கதை இதற்கு நேர் எதிர். கட்டடக் கலைஞர் பியேர் ஜான்னரேயின் குழு 1950களில் தேக்கும் பிரம்புமாகச் செய்த அலுவலக நாற்காலிகள் பல பத்தாண்டுகள் உழைத்து, உடைந்து, மொட்டை மாடிகளில் குவிந்து கிடந்தன. அங்கிருந்து வெளிநாட்டு ஏல மையங்களுக்குப் போய் லட்சக்கணக்கில் விலைபோயின. விலை ஏறியபோது ஜான்னரே பெயர் இருந்தது, இழைத்த தச்சர்களின் பெயர் இல்லை.

நார்த்தாமலைக்குத் திரும்புவோம். ஒன்பதாம் நூற்றாண்டு விஜயாலய சோழீச்சரத்தில் சதுரச் சுவருக்குள் வட்டக் கருவறை எழுப்ப முடிந்ததற்கு ஒரு காரணம் காலடியிலேயே கிடந்த பாறை. இன்றைக்கு இந்த மாவட்டத்தின் காலடியில் கிடப்பது தைல மரம். வனத்தோட்டக் கழகத்தின் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன, மரம் காகிதக் கூழுக்குப் போகிறது. அறுத்தால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும் என்று ஆசாரிகள் அதைத் தொடுவதில்லை. அது நியாயமான பயம்தான். ஆனால் பிரேசிலில் இதே இனத்தின் கலப்பு மரத்தைச் சூளையில் பதமாக உலர்த்தி அறைகலனுக்கு விற்கிறார்கள். மலேசியாவில் பால் வற்றிய ரப்பர் மரம் ஒருகாலத்தில் விறகாகத்தான் எரிந்தது. நம்மவர்கள் பால் வெட்டிய அதே மரம்தான். மருந்தேற்றி உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு, ஜொகூரின் மூவார் நகரம் அந்த மரத்தில் நாற்காலியும் மேசையும் செய்து உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறது.

நம் மாவட்டத்திலோ, 2018 நவம்பர் 16இல் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பலா மரங்களைச் சாய்த்துப் போட்டதே, அந்த மரங்களில் பல விறகாகவே போயின. அறுத்து அடுக்க இடமும் ஆளும் இருந்திருந்தால் ஒரு தலைமுறை மாணவர்களுக்குப் பயிற்சி மரம் கிடைத்திருக்கும்.

தமிழ்நாட்டில் உற்பத்திக்கான ஏற்பாடு முன்னே போய்விட்டது. 2022 மார்ச்சில் தூத்துக்குடியில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட சர்வதேச அறைகலன் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். வடிவமைப்புப் படிப்போ தூரத்தில் இருக்கிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனங்கள் விஜயவாடா, போபால், குருக்ஷேத்திரம், ஜோர்ஹாட் என்று பரவின, இங்கே ஒன்றும் வரவில்லை. காஞ்சிபுரத்தின் பெயர் தாங்கிய ஐஐஐடிடிஎம் கல்வி நிறுவனத்தில் பொருள் வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அங்கிருந்தோ வேறெங்கிருந்தோ தைல மர நாற்காலி ஒன்று வர வேண்டுமானால், கெட்டியாக நிற்கும் தடை கற்பனையில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. ஓர் அங்குலக் கனப் பலகை காற்றில் உலர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும் என்பது பழைய கணக்கு. கல்லூரிப் பருவமோ ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். அதனால்தான் மாணவர்கள் பிளைவுட்டையும் இறக்குமதி மரத்தையும் தேடி ஓடுகிறார்கள். அவர்கள் சேர்வதற்கு முந்தின வருடமே மரத்தை அறுத்து, இடையில் காற்றுப் போகக் கட்டைகள் வைத்து நிழலில் அடுக்கிவைப்பது கல்லூரி செய்ய வேண்டிய வேலை.