பட்டா இல்லாதவர்களின் வறட்சி

தமிழில் வறட்சி பற்றி எழுதுவதற்கென்று ஒரு அச்சு இருக்கிறது. வெடித்த வயல், விலா எலும்பு தெரியும் மாடு, வரப்பில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் விவசாயி. படித்துவிட்டு நாமும் உச்சுக்கொட்டுகிறோம். அந்த வயலில் நாற்றுப் பறித்தவர்கள், நட்டவர்கள், களை எடுத்தவர்கள், அறுத்தவர்கள் எல்லாம் மழை இல்லாத வருசம் எங்கே போனார்கள் என்று கேட்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். நமது கதைகளில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே 'விவசாயி' என்றால் பட்டா உள்ளவர். மற்றவர்கள் 'ஆள்'. 'நடவுக்கு ஆள் கெடைக்கல' என்று புலம்பும்போது மட்டும் நினைவுக்கு வருகிற ஆள்.

2016-இல் நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் குறளின் 'வான் சிறப்பு' அதிகாரம் நடந்தது. எங்கள் ஊரோ நாகைப் பக்கம், கடைமடை. அந்த வருசம் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். பட்டா இல்லாதவர்களுக்கு நூறு நாள் வேலையை 150 நாளாக்குவதாகச் சொன்னார்கள். அதாவது நிலம் உள்ளவருக்கு வறட்சி ஓர் இழப்பு, ஈடு உண்டு. நமக்கு அது இன்னும் கொஞ்சம் மண் வெட்டும் வாய்ப்பு. கணக்கெடுக்க வந்தவர்கள் போனபின் அம்மா சொன்னாள்: "ஏக்கருக்கு எவ்வளவுன்னு எழுதிட்டுப் போறாங்க. அந்த ஏக்கர்ல குனிஞ்சவளுக்கு எவ்வளவுன்னு ஒருத்தனும் கேக்கல."

அந்த வருசம் நான் எழுதிய வறட்சிக் கவிதைக்குக் கல்லூரியில் பரிசு கொடுத்தார்கள். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வயலு வெடிச்சது சரிதான். இதுல நா எங்கடா இருக்கேன்?" என்றாள். பதில் இல்லை. இந்தக் கட்டுரையின் முதல் குற்றவாளி நான்தான்.

மழை மாறினால் விவசாயமும் மாறுகிறது. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2012 முதல் 2019 வரை ஒரு வருசம்கூட அந்த நாளில் திறக்கப்படவில்லை. தண்ணீரை நம்பி நாற்று விட முடியாதவர்கள் நேரடி விதைப்புக்கு மாறினார்கள். புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது. நாற்றங்கால் இல்லை, பறி இல்லை, நடவு இல்லை. களைக்கு மருந்து. தண்ணீர் மிச்சம், கூலி மிச்சம் என்று இரண்டையும் லாபத்தில்தான் எழுதுகிறார்கள். இதற்குத் 'தகவமைப்பு' என்று பெயர். அந்த மிச்சப்பட்ட கூலி எங்கள் தெருவில் எரிய வேண்டிய அடுப்பு. சிறு விவசாயியை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழியில்லை. ஆனால் ஒருவரின் தகவமைப்பு இன்னொருத்தியின் வேலையிழப்பு என்பதைப் பார்க்காத எழுத்து பாதி எழுத்துதான். மழை திரும்பி வந்தாலும் நடவு திரும்பி வருவதில்லை.

அப்படியானால் நம் வறட்சி எழுதப்படவே இல்லையா? எழுதப்பட்டிருக்கிறது. விமர்சகர்கள் அதை அந்தப் பெயரில் படிக்கவில்லை. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. சுயசரிதை என்றார்கள், கொச்சை என்றார்கள். வறட்சியை எழுதிய நூல் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் காட்டு வேலைக்குப் போகிறார்கள். விறகுக்கு மலை ஏறுகிறார்கள். பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள். நிலமற்றவர்களின் தகவமைப்பு இதுதான். வெடித்த வயலை வர்ணிக்க அங்கே வயல் சொந்தமில்லை. அங்கே வறட்சியின் பெயர் 'வேல இல்லாத நாளு'. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு படித்தால் நம் எழுத்தில் பாதி வறட்சி இலக்கியமே.

சோ. தருமனின் 'சூல்' 2019-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உருளைக்குடிக் கண்மாயை நடுவில் வைத்த நாவல். மழை பெய்தால் மட்டும் போதாது, அதைத் தேக்கவும் மடை திறக்கவும் அளந்து பாய்ச்சவும் மனிதர்கள் வேண்டும் என்று அது காட்டுகிறது. அதைப் பாராட்டியவர்கள் பழைய நீர் மேலாண்மையின் பெருமை என்றே பேசினார்கள். தென்மாவட்டக் கண்மாய்களில் மடையைக் காத்த கைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளின் கைகள். தண்ணீரின் நடை தெரிந்தவருக்கு அந்தத் தண்ணீர் பாயும் நிலத்தில் பங்கு உண்டா? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பேசும் பெருமை, ஆண்டையின் பெருமை.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வறட்சி வரும்; மழை இப்போது போகிற போக்கைப் பார்த்தால் அதில் சந்தேகமில்லை. அதற்குள் 2016-17-இல் உங்கள் தெருவில் நடந்ததை எழுதி வையுங்கள். திருப்பூருக்குப் போனவர் யார், செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவர் யார், படிப்பை நிறுத்திய பிள்ளை யார், எத்தனை நாள் உலை ஏறவில்லை. கவிதையாக வராவிட்டால் பரவாயில்லை. கணக்காக எழுதுங்கள். ஏக்கர்க் கணக்கு அவர்களிடம் இருக்கிறது. ஆள் கணக்கு நம்மிடம்தான் இருக்கிறது.