சுரங்கம் மூடப்பட்ட பின்னர்

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட கலைப் படைப்புகள் பிரித்தானியாவில் பல தோன்றியுள்ளன. அவற்றுள் பரவலாகப் பார்க்கப்பட்ட இரு திரைப்படங்களை இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம். மார்க் ஹேர்மன் நெறிப்படுத்திய 'பிராஸ்ட் ஓஃப்' 1996இலும், ஸ்டீபன் டால்ட்றி நெறிப்படுத்திய 'பில்லி எலியற்' 2000இலும் வெளிவந்தன. இரண்டும் உழைப்பாளர் பக்கம் நின்று பேசுவன. பார்ப்போர் உள்ளத்தை உருக்குவன. ஆயினும் உருக்கம் ஒன்றே யதார்த்தத்துக்குச் சான்றாகிவிடாது. சுரங்கம் மூடப்பட்ட பின்னர் அம்மக்களுக்கு நேர்ந்ததென்ன? இவ்வினாவுக்கு இப்படங்கள் கூறும் விடை யாது?

1984 மார்ச்சில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தம் ஓராண்டின் பின் தோல்வியில் முடிந்தது. அப்போது ஏறத்தாழ 170 சுரங்கங்கள் இருந்தன. 1992 ஒக்டோபரில், எஞ்சியிருந்த 50 சுரங்கங்களுள் 31ஐ மூடப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2015 டிசம்பரில் யோர்க்ஷயரின் கெலிங்லி சுரங்கமும் மூடப்பட, ஆழ்சுரங்கத் தொழிலே அந்நாட்டில் இல்லாதொழிந்தது. சுரங்கத்தால் உண்டான ஊர்கள் சுரங்கமின்றி நின்றன.

'பிராஸ்ட் ஓஃப்' இந்த அழிவின் பொருளாதார வேரைத் தொட்டுக்காட்டுகிறது. பாண்டு வாத்தியக் குழுவின் தலைவர் டானியின் சுவாசப்பையை அரிப்பது நிலக்கரித் தூசு. அவருடைய மகன் பில், பழைய வேலைநிறுத்தக் காலக் கடனிலிருந்து மீளாதவன். சுரங்கத்தைக் காக்க விரும்பியும், இழப்பீட்டுப் பணத்துக்கே வாக்களிக்கிறான். வறுமை ஒருவனுடைய வாக்கை எவ்வாறு விலைக்கு வாங்குகிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. ஆனால், கதை இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்து வெற்றியோடு முடிந்துவிடுகிறது. கதைக்கு ஆதாரமான கிறைம்தோர்ப் ஊரின் குழுவும் 1992இல் அங்கே வென்றது. மறு ஆண்டில் அவ்வூர்ச் சுரங்கம் மூடப்பட்டது. இசை எஞ்சிற்று, தொழில் எஞ்சவில்லை. பில் நாளை எதைக்கொண்டு பிள்ளைகளுக்குச் சோறூட்டுவான் என்பது படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

'பில்லி எலியற்' இக்குறையை மேலும் வெளிப்படையாகக் காட்டுகிறது. பில்லிக்கு நடனப் பள்ளியில் இடம் கிடைக்கிறது, வேலைநிறுத்தம் தோற்கிறது, தந்தையும் தமையனும் மீண்டும் சுரங்கத்துள் இறங்குகின்றனர். அடுத்து, பல ஆண்டுகளைத் தாண்டி, இலண்டன் மேடையில் வளர்ந்த பில்லியை நாம் காண்கிறோம். தாண்டப்பட்ட அவ்வாண்டுகளிலேதான் டர்ஹாம் சுரங்கங்கள் மூடப்பட்டன. படம் பிடிக்கப்பட்ட ஈசிங்டனின் சுரங்கமும் 1993இல் மூடப்பட்டது. மேடையைக் காணவரும் தந்தையும் தமையனும் இப்போது எத்தொழில் செய்கின்றனர்? படம் பேசவில்லை. ஒருவன் ஊரைவிட்டு உயர்ந்தான் என்பது, ஊர் வீழ்ந்தமைக்கு ஈடாக வைக்கப்படுகிறது.

மௌனமாக விடப்பட்ட அக்கதை எத்தகையது என்பதை டார்பிஷயரின் ஷயர்புறூக் ஊரிலே காணலாம். 1993இல் மூடப்பட்ட சுரங்கத்தின் நிலத்தில் பின்னர் ஒரு விளையாட்டுப் பொருள் வணிக நிறுவனத்தின் பெருங்களஞ்சியம் எழுந்தது. தொழிலாளருட் பெரும்பாலோர் முகவர் நிலையங்கள் வழியே அமர்த்தப்பட்டனர். 2016இல் பாராளுமன்றக் குழுவொன்று அதுபற்றி விசாரணை நடத்தியபோது, நெடுநேரம் கழிவறையில் இருந்தமை, மிகுதியாகப் பேசியமை என்பனவும் தண்டனைக்குரிய குற்றங்களாகக் கொள்ளப்பட்டமை வெளிப்பட்டது. விக்டோரியா காலத்து ஏழையர் விடுதிகளோடு அந்நிலைமை ஒப்பிடப்பட்டது.

சுரங்கம் சொர்க்கமன்று, டானியின் இருமலே அதற்குச் சாட்சி. ஆனால், அங்கே சங்கம் இருந்தது. ஒருவனுக்காக மற்றவன் நின்றான். வேலை போனது ஒரு துயரம். அதனினும் பெரியது, ஒன்றுபட்டு நிற்கும் வலிமை சிதறடிக்கப்பட்டமை. போனதற்காக அழும் கலையை நாம் இகழவில்லை. எனினும், அழுகை முடிந்த இடத்தில் ஆராய்ச்சி தொடங்க வேண்டும். புறப்பட்டுப் போனவனின் புகழைப் பாடியது போதும். தங்கியிருந்தவனின் கதையை எழுதும் கலைஞனையே காலம் வேண்டிநிற்கிறது.