ஒத்த முகமும் வேறு குரலும்: இசைத்தட்டு உறைகளை ரசிப்பது எப்படி?

கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சின்ன நகல் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அரியலூர், பெரம்பலூர்க்காரர்கள் அந்தப் பேச்சைச் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. ராஜராஜன் 1010இல் முடித்த தஞ்சை விமானம் 200 அடிக்கு மேல், நேரான விளிம்போடு ஏறுகிறது. அவன் மகன் ராஜேந்திரன் 1035 வாக்கில் எழுப்பியது ஏறத்தாழ 180 அடி. 13 நிலைகளுக்குப் பதில் 9. உயரத்தை மட்டும் பார்த்தால் தந்தைக்கே வெற்றி. விளிம்பைப் பார்த்தால் கதை வேறு. சோழபுரத்து விமானம் மேலே போகப்போக உள்வாங்கி வளைகிறது. தஞ்சையின் நேர்கோட்டை மனத்தில் வைத்திருப்பவருக்குத்தான் இந்த வளைவு எவ்வளவு துணிச்சலான முடிவு என்பது புரியும். இரண்டும் ஒத்திருப்பதால்தான் வேறுபாடு துலங்குகிறது. இந்தப் பார்வை ஏற்கெனவே கைவரப்பெற்ற வாசகருக்கு, பழைய ராக் இசைத்தட்டுகளின் உறைகளை ரசிக்கப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்வையைத் திருப்பிவிட்டால் போதும்.

ராக் ரசிகர்களிடையே ஓயாத சண்டைகளில் ஒன்று, ஒரே மாதிரி உறை கொண்ட ஆல்பங்களில் எது உயர்ந்தது என்பது. சண்டை பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் நின்றுவிடுகிறது: ‘அது இதைப் பார்த்துக் காப்பியடித்தது’, ‘முதலில் வந்ததுதான் பெரியது’. இரண்டுமே ரசனைக்கு உதவாதவை என்பது என் கட்சி. கேட்க வேண்டியது வேறு. பின்னால் வந்தவர் எதை அப்படியே வைத்துக்கொண்டார், எதை மாற்றினார், மாற்றியதற்கான காரணம் உள்ளே இருக்கும் பாட்டில் கேட்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை கிடைத்தால் அந்த ஒற்றுமை மதிப்புள்ளது. கிடைக்காவிட்டால் அது வெறும் அலங்காரம்.

எல்லாரும் எடுத்துக்காட்டும் இணையிலிருந்தே தொடங்குவோம். 1956 மார்ச்சில் ஆர்சிஏ விக்டர் வெளியிட்ட எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்தில், ஒரு மேடையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கண்களை மூடி, வாயைத் திறந்து, கிட்டாரை மார்போடு அணைத்துப் பாடுகிறார் எல்விஸ். அவர் பெயரின் முதல் பாதி இளஞ்சிவப்பில் இடப்புறம் செங்குத்தாக, மறுபாதி பச்சையில் அடியில் படுக்கையாக. 1979 டிசம்பரில் இங்கிலாந்தின் பங்க் குழுவான தி கிளாஷ் ‘லண்டன் காலிங்’ என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டது. அதே இளஞ்சிவப்பு, அதே பச்சை, அதே எழுத்து, அதே இடங்கள், அதே கறுப்பு வெள்ளை. உறையை வடிவமைத்த ரே லோரி ஒரு கார்ட்டூனிஸ்ட். குழுவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனவர். எங்கிருந்து எடுத்தோம் என்பதை அவர் மறைக்கவேயில்லை. பார்ப்பவர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே எடுத்தார். ஆகவே ‘காப்பி’ என்ற குற்றச்சாட்டு இங்கே தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது.

இனி மாறியதைப் பார்க்கலாம். எல்விஸ் உறையில் பாடும் முகம்தான் கண்ணைப் பிடிக்கிறது. கிளாஷ் உறையில் முகமே இல்லை. நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் பேஸ் கிட்டார்க்காரர் பால் சைமனன் குனிந்து, தன் கிட்டாரைக் கோடாலிபோல் ஓங்கித் தரையில் அடிக்கப்போகிறார். ரசிகர்களை இருக்கையை விட்டு எழவிடாத காவலர்கள் மீதான எரிச்சல்தான் காரணம் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். படமெடுத்த பென்னி ஸ்மித், குவியம் சரியாக விழாத படம் என்பதால் இதை உறைக்குக் கொடுக்கவே தயங்கினார். ஓர் உறையில் கிட்டார் ஒலியைப் பிறப்பிக்கிறது. மற்றதில் அதே கருவியின் ஆயுள் முடியப்போகிறது. எழுத்தும் நிறமும் ஒன்றாக இருப்பதால், கண் நேராக இந்த முரணுக்குப் போய்விடுகிறது. வேறு எழுத்தும் வேறு நிறமும் போட்டிருந்தால் இது கோபக்காரர் ஒருவரின் நல்ல புகைப்படமாக மட்டும் நின்றிருக்கும்.

இதற்குச் சாட்சி பாட்டில் இருக்கிறதா? இருக்கிறது. இதே கிளாஷ் 1977இல் ஒரு பாட்டில் எல்விஸ், பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் யாரும் இனி இல்லை என்று அறிவித்த குழு. இரண்டே ஆண்டுகளில் எல்விஸின் உறையைத் தன் மேல் போர்த்திக்கொள்கிறது. மனம் மாறியதற்கான ஆதாரம் ஆல்பத்தின் இரண்டாவது பாட்டிலேயே வந்துவிடுகிறது: ‘பிராண்ட் நியூ கேடிலாக்’, 1959இல் வின்ஸ் டெய்லர் பாடிய ராக் அண்ட் ரோல் பாட்டு. அதற்குப் பிறகு ரெகே, ஸ்கா, ஜாஸ் சாயல் என்று 19 பாட்டுகளில் பழைய இசை வகைகள் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. மரபை உடைக்கும் கையும் மரபை விரும்பும் காதும் ஒரே குழுவுக்கு இருந்தன என்பதைத்தான் உறை சொல்லியது. இரட்டை ஆல்பத்தை ஒற்றை ஆல்பத்தின் விலைக்கு விற்க அவர்கள் பிடிவாதம் பிடித்ததையும் சேர்த்துப் பார்த்தால், உறையில் இருக்கும் ஆவேசம் விற்பனைக்கான வேஷம் என்று சொல்வது கடினம்.

இங்கே எல்விஸ் ரசிகர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம்: எவ்வளவு பேசினாலும் அசல் எங்களுடையதுதானே? அசல் என்ற சொல்லைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். எல்விஸ் ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’ கார்ல் பெர்கின்ஸ் எழுதிப் பாடியது. ‘டுட்டி ஃப்ருட்டி’ லிட்டில் ரிச்சர்டின் பாட்டு. ‘ஐ காட் எ உமன்’ ரே சார்ல்ஸின் பாட்டு. பிறருடைய பாட்டுகளை எடுத்து, அவற்றின் வேகத்தையும் உச்சரிப்பையும் மாற்றித் தனதாக்கியதில்தான் எல்விஸின் மேதைமை இருந்தது. உள்ளே எல்விஸ் செய்ததையே வெளியே கிளாஷ் செய்தது. இவரைப் பாராட்டி அவர்களைத் திட்ட முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. உறை இசையல்ல; காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் தீர்ப்புச் சொல்வது பிழை என்பது. பாதி உண்மை. உறையை நிறுவனம் முடிவு செய்து, பாடியவருக்கே அது பிடிக்காமல் போன கதைகள் உண்டு. நமக்கு மிக அருகில் இருப்பது 1967இல் வந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்’. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் சாமி படங்களில் ஒன்றான விஸ்வரூபத்தை அப்படியே எடுத்து, நடுவில் ஹென்ட்ரிக்ஸ், மிட்ச் மிட்செல், நோயல் ரெடிங் மூவரின் முகங்களையும் வரைந்து சேர்த்தார்கள். ஹென்ட்ரிக்ஸுக்கு அதில் திருப்தியில்லை. தன் வம்சத்தில் அமெரிக்கப் பழங்குடி ரத்தம் உண்டு என்று அவர் சொல்லிவந்தார். இந்தியன் என்று வரைவதானால் அந்த மரபையல்லவா வரைந்திருக்க வேண்டும் என்பது அவர் வருத்தம். பாட்டுகளைக் கேட்டால் அவர் பக்கமே நியாயம். விஸ்வரூபத்துக்கான காரணம் எதுவும் அவற்றில் இல்லை. விஷ்ணுவை வணங்குகிறவர்களுக்கு அந்தப் படம் புண்படுத்துவதாக இருந்ததிலும் வியப்பில்லை. ஆக, உறையை நம்பிவிடச் சொல்லவில்லை. அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பாட்டைக் கொண்டு குறுக்கு விசாரணை செய்யச் சொல்கிறேன். கிளாஷ் அதில் தேறியது. ‘ஆக்சிஸ்’, எவ்வளவு அற்புதமான இசை என்றாலும், உறையளவில் தேறவில்லை.

கேலிக்காகச் செய்த ஒற்றுமையிலும் இதே முறை பலன் தரும். பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ உறையை 1967இல் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் அமைத்தார்கள். பிரபலங்களின் கூட்டத்தில் ஜார்ஜ் ஹாரிசன் விருப்பப்படி யோகானந்தர், யுக்தேஸ்வர், லாஹிரி மகாசயர், பாபாஜி ஆகியோரும் இடம்பெற்றார்கள். காந்தியின் படமும் இருந்தது. இந்தியாவில் மனம் புண்படும் என்று அஞ்சி இஎம்ஐ நிறுவனம் எடுத்துவிடச் சொன்னது. மறு ஆண்டே ஃபிராங்க் ஸாப்பாவின் மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழு அந்தக் காட்சியைக் கேலியாகத் திரும்பப் போட்டது. பூக்களால் எழுதிய பீட்டில்ஸ் பெயர் இருந்த இடத்தில் காய்கறிகளால் எழுதிய மதர்ஸ். நீல வானத்துக்குப் பதில் மின்னல் வெட்டும் வானம். பளபளக்கும் பட்டுச் சீருடைகளுக்குப் பதில் பெண்களின் கவுன்கள். அட்டைப் பொம்மைகளுக்கு நடுவே ஹென்ட்ரிக்ஸ் நிஜமாகவே வந்து நின்றார். வழக்குக்குப் பயந்த நிறுவனம் இந்தப் படத்தை உறையின் உட்பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. ‘நாங்கள் காசுக்காகத்தான் இதில் இருக்கிறோம்’ என்ற பொருள்படும் தலைப்போடு வந்த அந்த ஆல்பத்தின் பாட்டுகள், ஹிப்பிக் கலாச்சாரம் கடைச்சரக்காகிவிட்டதைத்தான் குத்திக் காட்டுகின்றன. கேலியின் காரணம் பாட்டிலேயே இருப்பதால் காய்கறிகள் வெறும் சிரிப்பாக முடிவதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பெப்பரைத் தெரியாதவருக்கு இந்தப் படம் முழுமையாகப் பேசாது. கிளாஷின் உறையோ எல்விஸைத் தெரியாதவரையும் பிடித்து நிறுத்தும். அந்த அளவில் கிளாஷ் ஒரு படி மேல்.

எல்லா ஒற்றுமையும் உரையாடல் ஆகிவிடாது. ஏசி/டிசி குழுவின் ‘பேக் இன் பிளாக்’ (1980) உறை முழுக்கக் கறுப்பு. அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்த பாடகர் பான் ஸ்காட்டுக்கான துக்கம் அது. மெட்டாலிகாவின் 1991 ஆல்பமும் கறுப்புதான். மூலையில் மங்கலாக ஒரு சுருண்ட பாம்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். நிறம் ஒன்று என்பதைத் தவிர ஒன்று மற்றதிடம் எதுவும் பேசவில்லை. இதில் ஆழம் தேடுவது வீண்.

செய்முறை எளிது. இப்போது உறை என்பது பலருக்குக் கைபேசித் திரையில் நகத்தளவு சதுரம். ஒரு காலத்தில் அது 12 அங்குல அட்டை. அதனால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முகம் எங்கே, கை என்ன செய்கிறது, எழுத்து எங்கே நிற்கிறது என்பதைப் பாட்டைத் தொடுவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும். பிறகு காலவரிசையில் கேளுங்கள்: முதலில் எல்விஸின் ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’, உடனே கிளாஷின் ‘பிராண்ட் நியூ கேடிலாக்’. 23 ஆண்டு இடைவெளியில் அதே துடிப்பு எவ்வளவு முரடாகியிருக்கிறது என்பது கேட்கும். ஆல்பம் என்ற அளவில் என் வாக்கு ‘லண்டன் காலிங்’குக்கே. எல்விஸின் 12 பாட்டுகளில் ஐந்து, முன்பு சன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பதிவாகி வெளிவராமல் கிடந்தவை; அந்த ஒட்டுவேலை தெரியத்தான் செய்கிறது. ஆனால் கிளாஷைக் கேட்டு முடித்த காதோடு எல்விஸிடம் திரும்பிப் போய், அந்த ஐந்தில் ஒன்றான ‘ப்ளூ மூன்’ பாட்டைக் கேளுங்கள். குதிரைக் குளம்பு போன்ற தாளம், பாதியில் சொல்லை விட்டுவிட்டு மேலேறும் மெல்லிய குரல். வாயைத் திறந்து முழங்கும் அந்த உறைப்படத்தில் இந்த எல்விஸ் இல்லை.