வேண்டாம் என்று சொன்ன டெனர்

ஓபெரா என்னும் மேற்கத்திய இசைநாடகத்தில் மேல்ஸ்தாயிக்கு உரிய ஆண்குரல் டெனர். ஒலிபெருக்கி கிடையாது, பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைவரை சாரீரம் போய்ச் சேர வேண்டும். எந்தப் பாத்திரத்தை ஏற்பது, எதை விடுவது என்பதில்தான் குரலின் ஆயுள் அடங்கியிருக்கிறது. ஸ்பானியப் பாடகர் அல்ஃப்ரெதோ கிராவுஸ் (1927–1999) இந்த விஷயத்தில் கறாரானவர். தொழிற்பொறியியல் படித்தவர் என்பதாலோ என்னவோ, தம் தொண்டை எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போட்டே பாடினார்.

1956இல் கெய்ரோவில் வெர்டியின் ‘ரிகொலெத்தோ’வில் மாந்துவா கோமகனாக அரங்கேறியவர், பிறகு இலேசான குரலுக்கு ஒத்துவரும் சில பாத்திரங்களையே திரும்பத் திரும்பப் பாடினார். பலன் கண்கூடு. டொனிசெட்டியின் ‘படைப்பிரிவின் மகள்’ ஓபெராவில் டெனருக்கு ஒரு பாட்டு உண்டு. உச்ச ‘சி’ சுரத்தை அதில் ஒன்பது முறை தொட வேண்டும். இளைஞர்களே வியர்த்துப்போகும் அந்தப் பாட்டை ஐம்பதைக் கடந்த பிறகும் கிராவுஸ் பாடினார்.

நேர்மாறான உதாரணம் பார்சிலோனாவின் ஹொசே கரேராஸ். மென்மையான சாரீரம் அவருடையது. வாத்தியக் குழு நடத்துநர் கரயான் அழைக்க, சால்ஸ்பர்கில் ‘தொன் கார்லோ’, ‘ஐதா’ போன்ற கனமான படைப்புகளைப் பாடினார். 1980களில் குரலில் சிரமம் தெரியத் தொடங்கியது. ஆனால் 1987இல் அவரை இரத்தப் புற்றுநோயும் தாக்கியது. பின்னாளைய தளர்ச்சிக்கெல்லாம் பாத்திரத் தேர்வையே குற்றம் சொல்வது நியாயமாகாது.

கிராவுஸின் கட்டுப்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. அவருடைய கோமகனிடம் நேர்த்திக்குக் குறைவில்லை. ஆனால் பெண்பித்தனான அந்த மனிதன் பண்பட்ட கனவானாகவே ஒலிக்கிறான். தவிர, இதையே எல்லோருக்கும் விதியாக்கினால் பிளாசிதோ தொமிங்கோ கிடைத்திருக்க மாட்டார். மத்ரித்தில் 1941இல், சர்சுவேலா என்னும் ஸ்பானிய இசைநாடகக் கலைஞர்களின் மகனாகப் பிறந்தவர் அவர். ஏற்ற பாத்திரங்கள் 150க்கு மேல். 1975இல் ஹம்பர்கில் கனமான ‘ஒதெல்லோ’ பாத்திரத்தை முதன்முதலாக ஏற்றபோது குரல் கெட்டுவிடும் என்று எச்சரித்தவர்கள் உண்டு. கெடவில்லை, ஒரு தலைமுறைக்கே அவர்தான் ஒதெல்லோ.

ஆனால் உச்ச ‘சி’ அவருக்கு ஒருபோதும் எளிதாக வந்ததில்லை. வயதும் ஏறவே, 2009இல் பெர்லினில் ‘சிமோன் பொக்கனேக்ரா’ மூலம் டெனரைவிடத் தாழ்ந்த ஆண்குரலான பாரிடோனுக்கு உரிய பாத்திரங்களுக்கு இறங்கினார். சுரங்கள் குரலுக்கு எட்டின. பொக்கனேக்ரா என்னும் முதிய தந்தைக்கு வேண்டிய இருண்ட கனம் மட்டும் வரவில்லை. பொக்கனேக்ராவின் உடையில் பாடியது டெனர்தான்.